யார் காய்ச்சியது?

எங்கள் வீட்டுப் பொடக்காலியில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு உடைந்த பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. வாய்ப்பகுதியை அறுத்து எடுத்துவிட்டு, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பியது. அதில் புதினா வளர்கிறது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், கிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரிகிற ஊர் எங்களுடையது. சித்திரை, வைகாசியில் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும். அப்போதும் இந்தக் குடம் மட்டும் பச்சையாக இருக்கும். அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறி அலசிய தண்ணீரும் அதற்குத்தான் போகும்.

அம்மா இந்தப் புதினாவில் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். வயிறு உப்புசம் என்றால், வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றால், மாதவிலக்கு நாளில் சுருண்டு படுத்தால், பரீட்சைக்குப் பயந்து சாப்பிடாமல் இருந்தால், எல்லாவற்றுக்கும் முதலில் அதுதான். ஒரு கைப்பிடி இலையைக் கிள்ளிக் கழுவி, கையால் இரண்டாகக் கிழித்து டம்ளரில் போடுவாள். போசியில் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் இறக்கி, இலைமேல் ஊற்றித் தட்டுப் போட்டு மூடிவிடுவாள். ஐந்து, ஆறு நிமிடம். தட்டைத் திறந்ததும் வருகிற ஆவியை முகர்ந்து பார்ப்பாள். பிறகு ஒரு வாய் குடிப்பாள். அதற்குப் பிறகுதான் டம்ளர் என் கைக்கு வரும்.

"ஏம்மா, இலையைப் போட்டுக் கொதிக்க வெச்சா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கொதிச்சா வாசம் வீதிக்குப் போயிரும் கண்ணு. உனக்கு வெறும் பச்சைத் தண்ணிதான் மிஞ்சும்."

பின்னாளில் படித்தபோது இதையே வேறு சொற்களில் கண்டேன். புதினாவின் வாசமும் குணமும் ஆவியாகிப் போகக்கூடிய எண்ணெயில் இருக்கின்றன. மென்மையான இலைக்கு வெந்நீரில் ஊறவைப்பது பொருந்தும். சுக்கு, பட்டை, வேர் போன்ற கடினமானவற்றுக்குத்தான் நீண்ட நேரக் கொதி வேண்டும். சித்த மருத்துவம் கொதிக்கவைத்து வற்றவைப்பதைக் குடிநீர் என்கிறது. நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று எவ்வளவு வற்ற வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. அம்மாவுக்கு ஏடும் தெரியாது, வேதியியலும் தெரியாது. எதைக் கொதிக்கவைப்பது, எதை ஊறவைப்பது என்பது மட்டும் தெரியும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டால், "பாத்துக்கிட்டதுதான்" என்பாள். யாரைப் பார்த்து என்று கேட்டால் நாலைந்து பெண்களை முறை சொல்லிச் சொல்வாள்: பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, ஆத்தூரில் கட்டிக்கொடுத்த சின்னம்மா. வரலாறு எழுதுகிறவர்கள் தேடுகிற மாதிரியான சான்று அதில் எதுவுமில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சான்றின்மையைப் பற்றியது. அம்மா குடிக்கிற அந்த முதல் வாயைப் பற்றியதும்கூட.

*

புதினாவை நம் மண்ணின் ஆதி மூலிகை என்று சொல்லிக்கொள்வது எளிது. அதன் பெயரே அதை மறுக்கிறது. புதினா என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். தமிழ் அகராதிகளில் அதற்கு ஈயெச்சக்கீரை என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாசலில் வளர்க்கிற கற்பூரவல்லியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடிதான். ரசத்தில் போடுகிற மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் பாதி, கடல் தாண்டியோ கணவாய் தாண்டியோ வந்து சேர்ந்தது.

இதைச் சொல்வது பாரம்பரியத்தை மட்டம் தட்ட அல்ல. வெளியிலிருந்து வந்த ஒரு இலையை முகர்ந்து, வாயில் போட்டுப் பார்த்து, முதலில் தன் வயிற்றில் சோதித்து, எவ்வளவு போட்டால் நல்லது, எவ்வளவு போட்டால் எரியும் என்று கண்டுபிடித்து, மண்ணில் ஊன்றிப் பிழைக்கவைத்து, அடுத்த வீட்டுக்கு ஒரு கொத்து கொடுத்துவிட யாரோ இருந்திருக்க வேண்டும். இந்த வேலை முனிவர்களின் தவத்தில் நடந்திருக்காது. அடுப்படியிலும் பொடக்காலியிலும் நடந்தது. 'ஐயாயிரம் ஆண்டு மரபு' என்று ஒரே போடாகப் போடும்போது இந்தச் சோதனையும் தவறும் திருத்தமும் காணாமல் போகின்றன. கூடவே அவற்றைச் செய்த பெண்களும் காணாமல் போகிறார்கள்.

புதினாவை வளர்க்கிற முறையிலேயே இந்த வரலாறு இருக்கிறது. யாரும் விதை வாங்கிப் புதினா போடுவதில்லை. சந்தையில் வாங்கிய கட்டில் நல்ல தண்டாக நாலைந்தை ஒதுக்கி, கீழ் இலைகளை உருவிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்திவைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேர் விடும். அதை ஈரமண்ணில் ஊன்றினால் போதும். பக்கத்தில் ஓடுதண்டு விட்டுத் தானாகப் பரவும். மதிய வெயில் நேராகப் படக்கூடாது. ஈரம் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. பூ எடுப்பதற்கு முன் கிள்ளிக்கொண்டே இருந்தால் தழைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் குடத்துப் புதினா, அம்மா கல்யாணமாகி வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த நாலு தண்டிலிருந்து வந்தது. தண்டிலிருந்து தண்டாக வந்ததால், இன்று நான் கிள்ளுவதும் ஏறக்குறைய அதே செடிதான். நிலப்பத்திரத்தில் பெண் பெயர் இல்லாத ஊரில், பெண்ணிலிருந்து பெண்ணுக்குக் கைமாறிய சொத்து என்று இதைத்தான் என்னால் காட்ட முடிகிறது.

*

சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் காய்ச்சுவதை நாம் சுக்குக் காப்பி என்கிறோம். அதில் காப்பி ஒரு துளிகூட இல்லை. காப்பி வந்த பிறகுதான் அந்தப் பழைய பானத்துக்கு இந்தப் புதுப் பெயர் வந்திருக்க முடியும். சேலத்துக்காரர்களுக்கு அந்த வருகை வெகு தொலைவில் நடந்ததல்ல. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். ஏற்காட்டின் வரலாற்றைச் சொல்கிற எல்லோரும் அவர் பெயரைச் சொல்வார்கள். அந்தத் தோட்டங்களில் குனிந்து பழம் பறித்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் வீட்டில் என்ன காய்ச்சிக் குடித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

டீயின் வருகை இன்னும் கூர்மையான கதை. 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜியின் அமைச்சரவை நாட்டிலேயே முன்னோடியாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இன்றைய நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் இந்த மாவட்டத்தில் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்தார். மூடிய கள்ளுக்கடைகளின் இடத்தில் வேறு ஒரு பானம் வேண்டியிருந்தது. தேயிலை வியாபாரிகளின் அமைப்பு அதே ஆண்டுகளில்தான் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் என்ற பெயரில் ஊர் ஊராக வண்டி அனுப்பி, இலவச டீ கொடுத்து, எனாமல் பலகைகளில் டீ போடும் முறையை எழுதி மாட்டிக்கொண்டிருந்தது.

குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனிடமிருந்து மதுவிலக்கு எத்தனையோ பெண்களுக்கு ஆசுவாசம் கொடுத்திருக்கும். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கள்ளுக்கடை போய் டீக்கடை வந்தபோது, உட்காரும் பலகை ஆண்களிடமேதான் இருந்தது. இன்றும் எங்கள் ஊர் டீக்கடைப் பலகையில் காலை ஆறு மணிக்கு ஒரு பெண் உட்கார்ந்து பேப்பர் படித்தால் ஊர் திரும்பிப் பார்க்கும். களை வெட்டப் போகிற பெண்களுக்குத் தூக்குப்போசியில் டீ வாங்கிப் போய் வரப்பில் வைத்துக் கொடுப்பார்கள். கடையில் உட்கார்ந்து குடிப்பது வேறு விஷயம். ஆண்களின் பானத்துக்கு வாரியமும் வண்டியும் பலகையும் வரலாறும் உண்டு. பெண்கள் குடித்தது வீட்டில் மிஞ்சியது. நீராகாரம், கம்மங்கூழைக் கரைத்த தண்ணீர், யாருக்கோ காய்ச்சிய கஷாயத்தின் அடிமண்டி.

*

இந்தக் கட்டுரைக்காக முதலில் தேடிப் போனது மாவட்டத்தின் பழைய நூல்களை. 1883-இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, 1918-இல் எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர். கோயில், கோட்டை, வரி, பஞ்சம், காலரா, சந்தை எல்லாம் வரிசையாக வரும். 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சம் இந்த மாவட்டத்தை எப்படிக் காலி செய்தது என்பது எண்ணாகவே இருக்கிறது. 1871-இல் சுமார் 19.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளில் எந்தக் கீரையைத் தின்னலாம், எந்தக் கிழங்கை எத்தனை முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் விஷம் போகும் என்று பிள்ளைகளைப் பிழைக்கவைத்தவர்களுக்கு அந்தப் பக்கங்களில் இடம் கிடைக்கவில்லை.

அடுத்து 1921-க்கு வருவோம். சென்னை மாகாண அரசு, நாட்டு மருத்துவத்தை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். 1923-இல் அறிக்கை வந்தது. ஆங்கில மருத்துவம் மட்டுமே விஞ்ஞானம் என்ற ஆணவத்துக்கு எதிராகச் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் அரசு முன் நின்று வாதிட்ட முக்கியமான தருணம் அது. அதன் விளைவாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளியும் வந்தது. ஆனால் சாட்சி சொல்லத் தகுதியுள்ளவர் என்று அந்த முறை கருதியது வைத்தியத்தைத் தொழிலாகச் செய்தவர்களை. நூல் படித்தவர், ஏடு வைத்திருப்பவர், குரு பெயர் சொல்லக்கூடியவர். அந்த வாசல் வழியாக எங்கள் பொடக்காலிப் பெண்கள் நுழைந்திருக்க முடியாது. அங்கீகாரம் கிடைத்ததும் அது 'சித்த மருத்துவம்' ஆயிற்று. வெளியே நின்றது 'பாட்டி வைத்தியம்' ஆயிற்று. ஒன்று கல்லூரிக்குப் போனது, இன்னொன்று வாரப் பத்திரிகையின் துணுக்கானது.

சொற்களையே பாருங்கள். மருத்துவன், மருத்துவர் என்றால் நோய் தீர்ப்பவர். மருத்துவச்சி என்றால் பிரசவம் பார்ப்பவள். ஆண்பாலில் அறிவாக இருப்பது பெண்பாலில் தொண்டாகச் சுருங்குகிறது. அதிலும் சாதி இருக்கிறது. முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள்தான் பல ஊர்களில் மருத்துவச்சிகளாக இருந்தார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டிக் கூப்பிட்டு, பிள்ளையை வாங்கச் சொல்லி, விடிந்ததும் வாசலுக்கு வெளியே நிறுத்திக் கூலியாகத் தானியம் போட்ட வீடுகள் அவை. அடுப்படி அறிவு என்று நான் பெருமையோடு சொல்லும்போது, அந்த அடுப்படிக்குள் எல்லாப் பெண்களையும் விட்டிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கொல்லிமலைக்கு வந்தால் ஒரு பெண்ணின் பெயர் கிடைக்கிறது: ஈவ்லின் பிராண்ட். கணவர் ஜெஸ்ஸியோடு மிஷனரியாக மலைக்கு வந்தவர். 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் முதிய வயதில் மீண்டும் மலைக்குத் திரும்பி, மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார், நரம்புச்சிலந்திப் புழுவுக்கு எதிராகப் பாடுபட்டார், 1974-இல் இறக்கும்வரை இந்த நாட்டிலேயே இருந்தார். அவருடைய மகன் பால் பிராண்ட் கொல்லிமலையில் 1914-இல் பிறந்து தொழுநோய் அறுவைச் சிகிச்சையில் உலகப்புகழ் பெற்றார். ஈவ்லினின் உழைப்பை நான் மதிக்கிறேன். கூடவே இன்னொன்றையும் நினைக்கிறேன். அதே மலையில் மூலிகை அறிந்த மலையாளி சமூகத்துப் பெண்கள் எத்தனை தலைமுறையாக இருந்திருப்பார்கள்? கடிதம் எழுதத் தெரிந்தவளுக்கு வரலாறு கிடைத்தது. கடிதம் எழுதாதவள் 'மலைவாசி' என்ற பன்மைக்குள் போய்விட்டாள்.

*

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு பெருமைக் கட்டுரை ஆகிவிடும். பெண்களின் அறிவு, பெண்களின் அடுப்பு, பெண்களின் தொட்டி. எங்கள் மாவட்டத்தில் பிறந்த ஒருத்தி அப்படி எழுதினால் அது பாதி உண்மைதான்.

செடியை அறிந்த கை எல்லாவற்றையும் அறியும். ஐரோப்பாவில் புதினாக் குடும்பத்தைச் சேர்ந்த பென்னிராயல் என்ற செடியை, தள்ளிப்போன மாதவிலக்கை வரவைக்கப் பெண்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தினார்கள். சட்டமும் மருத்துவமனையும் கைவிட்ட இடத்தில் அது அவர்களுடைய கடைசி வழி. அதன் எண்ணெய் கல்லீரலை அழிக்கும். 1978-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் அதைக் குடித்து இறந்தாள். இயற்கையானது என்பதால் எதுவும் இரக்கமுள்ளது ஆகிவிடாது.

எங்கள் பக்கம் அந்தச் செடிகளின் பெயர் வேறு. எருக்கு, கள்ளி. 1986-இல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலை பற்றி ஒரு ஆங்கில இதழ் எழுதியபோது நாடு அதிர்ந்தது. சேலம், தருமபுரிப் பக்கம் இருந்தவர்களுக்கு அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. 1992-இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான். கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசு கெஞ்ச வேண்டியிருந்த மாவட்டம் இது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சேலம் மாவட்டத்தில் 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள்.

நான் எங்கள் வீட்டில் மூன்றாவது பெண். 1983-இல் பிறந்தேன்.

அம்மா எதைக் காய்ச்சிக் கொடுத்தாலும் முதல் வாய் அவளே குடிப்பாள் என்று தொடக்கத்தில் சொன்னேன். சூடு பார்க்கிறாள் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். பள்ளிக்கூடம் போனபிறகு, எச்சில் பண்ணித் தருகிறாளே என்று அருவருத்துச் சண்டையும் போட்டிருக்கிறேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். இன்னொரு டம்ளர் எடுத்து, அதிலும் ஒரு வாய் குடித்துவிட்டுத் தருவாள்.

எனக்குப் பெண் பிறந்தபோதுதான் அது தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாள், உறவுக்காரப் பெண் ஒருவர் பிள்ளைக்குச் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். நல்ல மனசோடுதான். அம்மா எழுந்து வந்து அந்தக் கிண்ணத்தை வாங்கி, ஒரே மூச்சில் தானே குடித்துவிட்டாள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இரவு நான் கேட்டேன்.

"உன்னப் பெத்தப்ப உங்கப்பாயி கிண்ணத்தோட வந்து நின்னாங்க. என்ன தண்ணிங்க அத்தைன்னு கேட்டேன். மருந்துத் தண்ணி, வயித்தச் சுத்தம் பண்ணும்னாங்க. நா மொதல்ல ஒரு வாய் குடிக்கறனுங்கன்னு கையை நீட்டுனேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. அப்பறம் பொடக்காலிக்குப் போய்க் கொட்டிப்போட்டு வந்துட்டாங்க."

"அதுல என்னம்மா இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? சும்மா ஓமத் தண்ணியாக்கூட இருந்திருக்கும். நா மோந்து பாக்கலையே." கொஞ்சநேரம் கழித்துச் சொன்னாள்: "அன்னையிலிருந்து எம் புள்ளைங்களுக்கு நாந்தான் காச்சுவேன்னு சொல்லிப்போட்டேன்."

அப்பாயி நான் பன்னிரண்டு வயதாகும்வரை இருந்தார். எனக்குத் தலைவாரி விட்டவர், கதை சொன்னவர், எனக்காக எங்கப்பாவிடம் சண்டை போட்டவர். அவருக்கு முழங்கால் வீங்கினால் நொச்சி இலை போட்டு ஒத்தடம் கொடுத்தது அம்மா. அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்பதை இரண்டு பெண்களும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. அப்பாயியை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று எனக்கு இன்றும் தெரியாது. மூன்றாவதும் பெண் என்றதும் கிண்ணத்தோடு வர வேண்டியது அவருடைய வேலை என்று யார் தீர்மானித்தார்கள்? திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் கையில் கிண்ணம் இல்லை. வழக்கு வந்தால் சிறைக்குப் போனவர்களும் பெரும்பாலும் தாய்களும் பாட்டிகளும் மருத்துவச்சிகளும்தான். வரதட்சணையும் சொத்தும் வாரிசும் ஆண்களின் கணக்கு. அந்தக் கணக்கைத் தீர்க்கிற வேலை பெண்களின் கைக்கு வந்தது.

அம்மா ஏன் புதினாவையே பிடித்துக்கொண்டாள் என்பதும் அன்றுதான் புரிந்தது. அதைவிட நோய்க்குக் கேட்கிற இலைகள் எத்தனையோ உண்டு. ஆனால் புதினாவின் வாசத்தை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. ஒரு பிள்ளைகூட, கண்ணை மூடிக்கொண்டு டம்ளரை முகர்ந்தால், உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிவிடும்.

*

2020-க்கு வருகிறேன். மார்ச் கடைசியில் ஆயுஷ் அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. துளசி, பட்டை, மிளகு, சுக்கு, உலர்திராட்சை போட்டுக் கஷாயமோ மூலிகைத் தேநீரோ தினம் ஒருமுறை அல்லது இருமுறை குடியுங்கள் என்று அதில் இருந்தது. தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீர் வீதிவீதியாக வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் டெங்குவின்போது நிலவேம்புக் குடிநீர் வந்ததுபோல. குடியுங்கள் என்று சொன்ன எந்த அறிவிப்பிலும், யார் காய்ச்சுவது என்று இல்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஊரடங்கில் எங்கள் வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். காலையில் கபசுரம், பதினொரு மணிக்குச் சுக்கு மல்லி, மாலையில் ஆவி பிடிக்க நொச்சியும் மஞ்சளும், ராத்திரி மிளகுப் பால். இடையில் மூன்று வேளைச் சமையல். ஒவ்வொன்றுக்கும் இடித்து, காய்ச்சி, வடிகட்டி, ஊற்றிக் கொடுத்து, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தது அம்மாவும் நானும் அண்ணியும். வாட்ஸ்அப்பில் மூலிகை மகத்துவம் அனுப்பிக்கொண்டே இருந்தது அண்ணன். அதற்கு முந்தைய ஆண்டு, 2019-இல், நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள் என்றது. ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். ஊரடங்கில் அந்த 299-இன்மேல் எத்தனை கஷாயம் ஏறியது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அம்மாவுக்குத் தலைசுற்றி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லோருக்கும் எதிர்ப்புச் சக்தி காய்ச்சிக் கொடுத்தவளுக்கு ரத்தசோகை. அவள் மட்டுமல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள் என்றார். டீ மட்டுமில்லை, புதினாத் தண்ணீரும்கூட உணவிலிருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அம்மா இத்தனை வருடமும் மதியம் சோறு சாப்பிட்ட கையோடு, மற்றவர்களுக்குப் போட்டதில் மிஞ்சியதைக் குடித்தே பசியை அடக்கியிருக்கிறாள்.

அன்று ராத்திரி அண்ணனைக் கூப்பிட்டு அடுப்படியில் நிறுத்தினேன். நாற்பத்தோரு வயது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குப் போசி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. புதினாவைக் கிள்ளச் சொன்னால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தான். தண்ணீர் கொதிப்பதற்கும் சூடாவதற்கும் வித்தியாசம் கேட்டான். ஏழாம் நாள் தட்டுப் போட்டு மூட மறக்கவில்லை. ஒரு மாதத்தில் சாயங்காலக் காய்ச்சல் முழுக்க அவனுடையது ஆனது. அவன் மனைவி அந்த நேரத்தில் வாசலில் உட்கார்ந்து போன் பேசினாள். பெரிய புரட்சி எதுவும் இல்லை, நாளுக்கு நாற்பது நிமிடம். ஆனால் அது அவளுடைய நாற்பது நிமிடம்.

*

எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதால் முறையை இங்கே எழுதுகிறேன். ஒருவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர், பத்துப் பதினைந்து இலை. வேண்டுமென்றால் நகத்தளவு இஞ்சி நசுக்கியது. இஞ்சியைத் தண்ணீரோடு கொதிக்கவிடலாம். புதினாவை இறக்கிய பிறகே போட வேண்டும். மூடிவைத்து ஐந்து நிமிடம். தேனோ எலுமிச்சையோ சேர்ப்பதாக இருந்தால் ஆறின பிறகு. உப்புசத்துக்கும் குமட்டலுக்கும் இதமாக இருக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதிகமாக்கவும் கூடும். அவர்கள் குடிக்காமல் இருப்பது நல்லது. கைக்குழந்தைக்கு இதையோ வேறு எந்தக் கஷாயத்தையுமோ கொடுக்கக் கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். சேனையும் வேண்டாம். விடாத வாந்திக்கும் வயிற்றுவலிக்கும் புதினாவை நம்பி உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த முறையைச் சொன்னது என் அம்மா. அம்மாவுக்குத் தண்டு கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. அந்த அக்காவுக்குக் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். ஆத்தூர்ப் பக்கம் அவருடைய அம்மாயி என்றார்கள். அதற்குமேல் போக முடியவில்லை.

இப்போது அம்மாவுக்கு முடியாத நாட்களில் நான் புதினாத் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறேன். டம்ளரை நீட்டியதும் அவள் வாங்கிக் குடிக்க மாட்டாள். கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். முதல் சில நாள் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"சூடு செரியா இருக்குதா?" என்றாள்.

"செரியா இருக்குதும்மா."

குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் கொடுத்தாள். கழுவிக் கவிழ்ப்பது அண்ணன் முறை என்று சொல்லி, அதைத் திண்ணையில் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.